ஒற்றைக் கீழறை இதயமும் எட்டு மாத்திரைகளும்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு முற்பகல், புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் சற்றே தணிந்திருந்த வேளையில், நெய்வேலியை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். மகளுக்கு வயது 19. கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவர். ஏழு வயதில் சென்னையில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். வந்தது காய்ச்சலுக்காக. பழைய மருந்துகள் எவை என்று கேட்டதும் அந்தத் தாய் மஞ்சள் துணிப்பையைக் கவிழ்த்து மேசைமேல் கொட்டினார். எட்டு வகை மாத்திரைகள். பிறகு, நான் சற்றும் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“டாக்டர், இதில் எதை நிறுத்தினால் பிள்ளை உயிருக்கு ஆபத்து, எதை நிறுத்தினால் ஆபத்தில்லை? மாதா மாதம் எல்லாவற்றையும் வாங்க முடியவில்லை.”

அந்தக் குடும்பம் ஒரு மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தது. நிறுத்தியது எது என்று பார்த்தபோது எனக்கு அச்சம் ஏற்பட்டது. எட்டில் மிகச் சிறியதும் மிக மலிவானதுமான ஆஸ்பிரினை நான்கு மாதங்களாக அந்தப் பெண் உட்கொள்ளவில்லை. விலை குறைந்த மாத்திரை ஆகையால் அது முக்கியமானதாக இராது என்று தாய் எண்ணிவிட்டார். வயிற்றைப் புண்ணாக்கும் என்று யாரோ சொன்னதும் அதற்குத் துணையாயிற்று. விலை மிகுந்த மாத்திரைகளைக் கடன் வாங்கியேனும் தவறாமல் வாங்கியிருக்கிறார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். அவர்களுடைய ஒப்புதல் பெற்று, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

முதலில் அந்த இதயத்தைப் பற்றி. நம் எல்லோருடைய இதயத்திலும் இரண்டு கீழறைகள் உண்டு. வலக் கீழறை அசுத்த இரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. இடக் கீழறை சுத்த இரத்தத்தை உடலுக்குத் தள்ளுகிறது. சில குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு கீழறை மட்டுமே பயன்படும் நிலையில் இருக்கும், மற்றது வளர்ந்திராது. அக்குழந்தைகளின் உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கும். இரண்டு வேலைகளையும் ஒரே கீழறை நெடுங்காலம் சுமக்க இயலாது. எனவே அறுவை மருத்துவர்கள் படிப்படியாக ஒரு மாற்றுப் பாதையை அமைக்கிறார்கள். கை, தலை ஆகியவற்றிலிருந்து வரும் மேற்பெருஞ்சிரையை முதலில் நேராக நுரையீரல் தமனியோடு இணைப்பார்கள். அது க்ளென் அறுவை சிகிச்சை. சில ஆண்டுகள் கழித்து, வயிறு, கால் ஆகியவற்றிலிருந்து வரும் கீழ்ப்பெருஞ்சிரையையும் அவ்வாறே இணைப்பார்கள். அது ஃபான்டன் அறுவை சிகிச்சை. இருக்கும் ஒரே கீழறை உடலுக்கு இரத்தம் செலுத்தும் பணியை மட்டும் பார்க்கும். நுரையீரலுக்கோ இரத்தம் எந்த விசைக்குழாயும் இல்லாமல், தன் அழுத்தத்தாலேயே போய்ச் சேர வேண்டும்.

சுரங்கத்தில் பணிபுரியும் அன்பர்களுக்கு இதனை விளக்குவது எளிது. நம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்துடன் மேல்நோக்கி நெருக்கிக்கொண்டிருக்கிறது. இரவு பகல் பாராமல் அதனை இறைத்து வெளியேற்றினால்தான் மேலே இயந்திரங்கள் வெட்ட முடியும். இறைப்பு நின்றால் அழுத்தம் அடித்தளத்தைப் பெயர்த்துவிடும். ஃபான்டன் செய்துகொண்டவரின் சிரைகளிலும் அத்தகைய அழுத்தம் ஓயாமல் நிற்கிறது. இயல்பாக 5 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டியிருக்க வேண்டிய சிரை அழுத்தம் இவர்களுக்கு 10 முதல் 15 வரை இருக்கும். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் இரத்தம் நுரையீரலைக் கடக்காது. ஆனால் அதே அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது கல்லீரலில் தழும்பு படிகிறது, சிலருக்குக் குடல் வழியாகப் புரதம் கசிகிறது, கால் வீங்குகிறது, இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது. மெதுவாக ஓடும் இரத்தம் எளிதில் உறைகிறது. உயிர் காப்பதும் உறுப்பைக் கெடுப்பதும் ஒரே அழுத்தம் என்பதுதான் இந்நோயாளிகளின் வாழ்க்கைச் சிக்கல்.

பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் ஃபிரான்சிஸ் ஃபான்டன் இந்த அறுவை சிகிச்சையை முதன்முதலாகச் செய்தது 1968இல். உலகுக்கு அறிவித்தது 1971இல். அதற்கு முன் இத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலோர் வளர்ந்து ஆளானதில்லை. இன்று 30, 40 வயதைக் கடந்து, படித்து, பணிபுரிந்து வாழ்வோர் பல நாடுகளில் உள்ளனர். எனினும் தம் பெயர் தாங்கிய சிகிச்சையை ஃபான்டன் ஒருபோதும் மிகைப்படுத்தவில்லை. குறை ஏதுமின்றிச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சைக்குப் பின்னும் காலப்போக்கில் உடல்திறன் குறைகிறது, இது துயர் தணிக்கும் சிகிச்சையே அன்றி முழுக் குணமன்று என்று 1990இல் அவரே தம் சக ஆய்வாளர்களோடு எழுதினார். அந்த நேர்மையை மருந்துகளைப் பற்றிப் பேசும்போதும் நாம் கைவிடலாகாது என்பதே என் கருத்து.

மஞ்சள் பைக்கு வருகிறேன்.

எட்டில் விலையும் கேள்வியும் மிகுந்தது சில்டெனாஃபில். நுரையீரல் தமனிகளை விரிக்கும் மருந்து. விசைக்குழாய் இல்லாத பாதையில் தடையைக் குறைத்தால் ஓட்டம் பெருகும் என்ற எண்ணம் நியாயமானது. நான் கல்லூரியில் மேற்படிப்புப் படித்த காலத்தில் இந்த எண்ணம் புதிதாகவும் கவர்ச்சியாகவும் இருந்தது. ஆனால் எண்ணம் நியாயமாக இருப்பது வேறு. மருந்து பயன்தருவது வேறு. சில்டெனாஃபிலின் உறவுமுறை மருந்தான யூடெனாஃபிலை வைத்து, 12 முதல் 18 வயது வரையுள்ள 400 ஃபான்டன் நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தற்ற மாத்திரை, 26 வாரங்கள். முழு மூச்சுடன் உழைக்கும்போது உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதே முதன்மை அளவுகோல். அதில் இரு பிரிவுக்கும் இடையே உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. நடுத்தர உழைப்பின்போது மட்டும் சிறிய முன்னேற்றம் தென்பட்டது. பொசென்டான் என்ற வேறு வகை மருந்தை டென்மார்க்கிலும் சுவீடனிலும் 75 பேருக்கு 14 வாரங்கள் கொடுத்துப் பார்த்து, உழைப்புத் திறன் சற்று உயர்ந்ததாக 2014இல் அறிவித்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த மாசிடென்டானை 137 பேரிடம் சோதித்த பிற்கால ஆய்வில் அப்பயன் கிட்டவில்லை.

ஆகவே என் நிலைப்பாடு இது: நன்றாக நடந்து, படித்து, வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு ஃபான்டன் நோயாளிக்கு இம்மருந்துகளை வாழ்நாள் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சான்று போதாது. நுரையீரல் அழுத்தம் உண்மையிலேயே உயர்ந்தவர், புரத இழப்பு உள்ளவர், நிலை தளர்ந்துவருபவர் ஆகியோர் வேறு வகை. அவர்களுக்கு இதயச் சிறப்பு மையம் அளந்து பார்த்துக் கொடுக்கும் மருந்தில் நான் குறுக்கிடமாட்டேன். என் இதயநோய் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, “சராசரியில் பயன் இல்லை என்றால் ஒருவருக்கும் பயன் இல்லை என்று ஆகுமா?” என்று கேட்டார். ஆகாது. ஆனால் அந்த ஒருவர் யார் என்று அறிய வேண்டுமானால், கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து உழைப்புச் சோதனை செய்து முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துவது என்ற உடன்பாடு தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். நம் நாட்டில் தொடங்கும் நாள் மருந்துச் சீட்டில் இருக்கிறது. நிறுத்திப் பார்க்கும் நாள் எங்கும் இருப்பதில்லை.

இதைப் பிறர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் பணியாற்றியபோது, ஃபான்டன் செய்துகொண்ட சிறுவன் ஒருவனுக்கு இரண்டு ஆண்டுகள் நானே சில்டெனாஃபில் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தேன். யார் தொடங்கினார்கள், எதற்காகத் தொடங்கினார்கள், பயன் உண்டா என்று ஒருமுறையும் கேட்கவில்லை. பெரிய மருத்துவமனையின் முத்திரை முதல் சீட்டில் இருந்தது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. அவனுடைய தந்தை கூலித் தொழிலாளி. ஒருநாள் அவர், மருந்துக் கடையில் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு இருவர் சிரித்தார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அம்மருந்து ஆண்மைக்குறைவுக்கும் பயன்படுவது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நான் முன்பே விளக்கியிருந்தால் அந்த அவமானம் நேர்ந்திராது. மருந்து கொடுப்பவர் சொல்லாமல் விட்டதை மருந்துக் கடை வாசலில் நிற்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தது எனாலப்ரில். இரத்த அழுத்தத்துக்கும் தளர்ந்த இதயத்துக்கும் நல்ல மருந்து. இரு கீழறை உள்ள இதயங்களில் அதன் பெருமையை யாரும் மறுக்க இயலாது. ஆனால் ஒற்றைக் கீழறைக்கு அந்தப் பெருமையை அப்படியே கடன் கொடுக்க முடியாது. ஃபான்டன் முடிந்த 18 பேரிடம் 10 வாரம் நடந்த சிறிய ஆய்வு 1997இல் வெளியாயிற்று. உழைப்புத் திறன் கூடவில்லை. 2010இல் வெளியான வேறோர் ஆய்வில் ஒற்றைக் கீழறையோடு பிறந்த 230 கைக்குழந்தைகளுக்கு எனாலப்ரிலும் மருந்தற்ற மாத்திரையும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. எடையும் வளர்ச்சியும் இதய இயக்கமும் இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தன. கீழறை தளர்ந்தவர்க்கும் வால்வு கசிபவர்க்கும் இதய மருத்துவர் இதனைக் கொடுக்கலாம். எல்லோர்க்கும் என்பதற்கு இடமில்லை.

இனி, அந்தத் தாய் நிறுத்தியிருந்த சிறிய மாத்திரை. இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து ஏதேனும் ஒன்று வேண்டும் என்பதில் உலகெங்கும் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்த மருந்து என்பதில்தான் வேறுபாடு. ஃபான்டன் முடிந்தவுடன் 111 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆஸ்பிரினும் மறு பகுதிக்கு வார்ஃபரினும் கொடுத்து இரண்டு ஆண்டுகள் கண்காணித்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. இரு பிரிவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு உறைகட்டி காணப்பட்டது. மருந்து உட்கொண்டபோதே இந்நிலை என்றால், உட்கொள்ளாதபோது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்த உறைகட்டிகளுள் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டவில்லை. எக்கோ எடுத்ததால் மட்டுமே தெரிய வந்தன. “பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள்” என்பது இந்த நோயில் சான்றாகாது.

வார்ஃபரின் உட்கொள்பவர்களுக்கு ஒரு சொல். அந்த ஆய்வின் தரவுகளை மீண்டும் பகுத்துப் பார்த்ததில், ஐ.என்.ஆர். அளவு அடிக்கடி குறைந்து கிடந்த குழந்தைகளுக்கே உறைகட்டி மிகுதியாக ஏற்பட்டிருந்தது. மாத்திரையை விழுங்கினால் மட்டும் போதாது. இரத்தத்தைச் சோதித்து அளவை நிறுத்த வேண்டும். கீரையை அறவே விடச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது தவறு. ஒரு வாரம் முருங்கைக்கீரையும் அரைக்கீரையுமாக உண்டுவிட்டு மறு வாரம் தொடாமல் இருப்பதுதான் அளவைக் குலைக்கும். வாரத்துக்கு இத்தனை முறை என்று ஒரே சீராக உண்பவருக்கு அதற்கேற்ப மாத்திரையை அமைத்துக்கொள்ளலாம். ஐ.என்.ஆர். சோதனை தேவைப்படாத ரிவரோக்சபான் என்ற புதிய மருந்துக்கு, ஃபான்டன் செய்துகொண்ட 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. நல்ல செய்திதான். ஆயினும் அதற்கு அடிப்படையான ஆய்வில் கலந்துகொண்ட குழந்தைகள் நூற்றுக்குச் சற்றே மேல். கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே தாமாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கடலூர் மாவட்டத்தில் வாழ்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெங்குக் காய்ச்சல் இங்கு விருந்தாளியைப் போல வந்து போகிறது. டெங்குவில் தட்டணுக்கள் குறையும். அப்போது ஆஸ்பிரினும் வார்ஃபரினும் இரத்தக் கசிவுக்கு வழி வகுக்கலாம். நிறுத்தினால் உறைவு, தொடர்ந்தால் கசிவு. இந்த முடிவை வீட்டில் எடுக்கக் கூடாது. மருத்துவரும் இதய மையமும் தொலைபேசியில் பேசி எடுக்க வேண்டியது. எனவே மழைக்காலத்தில் காய்ச்சல் வந்த முதல் நாளே இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். உடல்வலிக்கென்று கடையில் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை சிறுநீரகத்தையும் இரைப்பையையும் தாக்கும், இவர்களுக்கு ஆகாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த நாள்களைக் கண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: மழைக்காலத்தில் இரண்டு வார மாத்திரை எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

கோடைக்கும் அதன் தொல்லை உண்டு. நீர் பிரியச் செய்யும் ஃப்யூரோசமைடு, ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவற்றை உட்கொள்பவருக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஏற்பட்டால் உடல் விரைவில் வறண்டுவிடும். சிரை அழுத்தத்தை நம்பி ஓடும் இரத்த ஓட்டம் நீர் குறைந்தால் சட்டென்று தளரும், இரத்தமும் தடிக்கும். அன்றே மருத்துவரிடம் கேட்டு நீர் மாத்திரையை ஒருநாள் இரண்டுநாள் நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம். நெய்வேலி வெயிலில் இது நூல் படித்துச் சொல்லும் எச்சரிக்கையன்று.

பெண் பிள்ளைகளின் தாய்மார்களிடம் தனியே ஒரு வேண்டுகோள். கோயில் திருவிழாவுக்கோ வீட்டுத் திருமணத்துக்கோ மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. ஃபான்டன் செய்துகொண்ட பெண்ணுக்கு அதைக் கொடுக்காதீர்கள். அத்தகைய மருந்துகள் இரத்தம் உறையும் இடரைக் கூட்டக்கூடும்; ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் அப்படியே. அவ்வாறே, வார்ஃபரின், எனாலப்ரில், பொசென்டான் ஆகியவை கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. திருமணப் பேச்சு தொடங்கும்போதே மருத்துவரிடம் வாருங்கள். கரு உருவான பின்பு வருவது காலம் கடந்த வருகை. அறுவை சிகிச்சையை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைப்பதற்காக மாத்திரைகளை நிறுத்திய குடும்பத்தையும் நான் அறிவேன். அதைப் பற்றி இங்கு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மருந்துப் பட்டியலில் இடம்பெறாத ஒன்று இருக்கிறது. ஃபான்டன் நோயாளிகளின் உழைப்புத் திறன் சம வயதினரின் திறனில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு. நுரையீரலுக்கு விசைக்குழாய் இல்லை என்றேன். ஆனால் கெண்டைக்கால் தசையும் தொடைத் தசையும் சுருங்கும்போதெல்லாம் சிரை இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. சிட்னியில் மிகச் சிலரிடம் நடந்த ஆய்வில், கால் தசையை வலுப்படுத்தும் பயிற்சி இரத்த ஓட்டத்தையும் உழைப்புத் திறனையும் கூட்டியது. சிறிய ஆய்வுதான்; எனினும் பல மாத்திரைகளுக்கு இந்த அளவு சான்றுகூட இல்லை. நம் நகரியத்தின் வட்டங்களில் மரநிழல் கவிந்த அகலமான சாலைகள் இருக்கின்றன. பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைக்காமல், இதய மருத்துவரிடம் எந்த அளவு என்று கேட்டுக்கொண்டு, காலையில் மிதிவண்டி ஓட்டவிடுங்கள். ஃபான்டன் செய்துகொண்ட பிள்ளையைப் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்பாதே என்று எழுதித் தரும்படி பெற்றோர் கேட்கிறார்கள். நான் எழுதித் தருவதில்லை. “களைத்தால் உட்கார அனுமதிக்கவும்” என்று எழுதித் தருகிறேன்.

இப்போது பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெருந்துணை. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்துப் பிறவிக் குறைகளைக் கண்டறியும் தேசியத் திட்டம் 2013இல் வந்தது. அது 18 வயது வரை. அதன்பின்? அறுவை சிகிச்சைக்குக் கதவு திறந்த சமூகம், பதினெட்டு முடிந்ததும் அப்பிள்ளையை எந்த வரிசையில் நிற்கச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறது. குழந்தை இதய மருத்துவர் “இனிப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் போ” என்கிறார். என்னைப் போன்ற பெரியவர்களுக்கான மருத்துவர்களோ மாணவப் பருவத்தில் இத்தகைய இதயத்தைப் படத்தில் பார்த்ததோடு சரி. அந்த இடைவெளியில்தான் ஆஸ்பிரின் நிற்கிறது, எக்கோ தவறுகிறது, யாரும் கேட்காத மருந்துச் சீட்டு ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படுகிறது.

நான் கண்ட அந்தக் குடும்பத்தில் நடந்ததும் அதுவே. மாதந்தோறும் மாத்திரைகளுக்குச் செலவிட்ட பிறகு சென்னைக்குச் செல்லப் பேருந்துச் செலவும் இரு நாள் கூலியிழப்பும் தாங்க முடியாமல், மூன்று ஆண்டுகளாக அவர்கள் இதயப் பரிசோதனைக்குச் செல்லவில்லை. சான்று குறைந்த மருந்து, சான்று மிகுந்த கண்காணிப்பின் காசைத் தின்றுவிட்டது. அதிகமாக மருந்து எழுதுவதால் கேடில்லை, சிறிது செலவுதானே என்று எண்ணும் மருத்துவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஏழைக் குடும்பத்தில் செலவே பக்கவிளைவு.

எனவே நம் மருத்துவமனையைப் போன்ற இடங்களால் ஆகக்கூடிய சிலவற்றைக் கேட்கிறேன். இதயத்தைத் திறந்து அறுவை செய்ய நம்மால் இயலாது, ஆனால் ஐ.என்.ஆர். பார்க்க இயலும். ஆண்டுக்கொருமுறை கல்லீரல், புரதம், இரும்புச்சத்து, தட்டணுக்கள் ஆகியவற்றைச் சோதித்து, முடிவைச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ வேலூருக்கோ அந்தந்த மையத்துக்கு அனுப்பவும் இயலும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தம் நாட்டு ஃபான்டன் நோயாளிகளுக்கென ஒரு பதிவேடு வைத்திருக்கின்றன. யார் எங்கே எப்படி இருக்கிறார்கள் என்பது அதனால்தான் அவர்களுக்குத் தெரிகிறது. நாட்டளவில் வரும்வரை காத்திராமல் நம் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு பதிவேட்டைத் தொடங்கலாம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு சேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டது. அந்தப் பையில் இதய அறுவை செய்துகொண்ட இளையோருக்கான ஆஸ்பிரினும் வார்ஃபரினும் இடம்பெறுவது கனவன்று. எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலர். அரசுக்குச் செலவும் அற்பம்.

குடும்பத்தார்க்கு என் வேண்டுகோள், ஒவ்வொரு மாத்திரைக்கும் மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள். இது எதற்காக? பயன்படுகிறதா என்று எப்படி, எப்போது பார்ப்போம்? ஒரு வேளை தவறினாலோ, ஒரு மாதம் வாங்க முடியாவிட்டாலோ என்ன ஆகும்? கேட்டால் மருத்துவர் சினங்கொள்வார் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் விடை வரும்வரை எதையும் தாமாக நிறுத்தவும் வேண்டாம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக் காலை சில்டெனாஃபிலைத் திடீரென நிறுத்திவிட்டால் நான் எழுதியதன் நோக்கமே கெட்டுவிடும். சிலருக்கு அது ஆபத்தாகவும் முடியும்.

அந்தப் பெண்ணின் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலே. மூன்று நாளில் தணிந்தது. தட்டணுக்கள் சரியாக இருந்தமையால் இதய மையத்தோடு பேசி ஆஸ்பிரினை அன்றே மீண்டும் தொடங்கினோம். இரு வாரங்களில் சென்னைக்குச் சென்றார்கள். உறைகட்டி ஏதும் இல்லை. அது எவருடைய திறமையும் அன்று, அவளுடைய நல்வாய்ப்பு. அங்கிருந்த மருத்துவர் கீழறை வலுவாக இருப்பதைக் கண்டு எனாலப்ரிலை நிறுத்தினார். உழைப்புச் சோதனை செய்து, சில்டெனாஃபிலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்தார், வேறுபாடு இல்லை. வைட்டமின் மாத்திரையும் அமில மாத்திரையும் தேவைப்படவில்லை. எட்டு நான்காயிற்று.

சென்ற வாரம் தாயும் மகளும் வந்திருந்தார்கள். விடுதியில் தோழிகள் கேட்பார்களே என்று மாத்திரையை ஒளித்து வைத்திருந்த அந்தப் பெண், இப்போது அறைத் தோழியிடமே சொல்லிவிட்டாளாம். இரவு எட்டு மணிக்கு அந்தத் தோழிதான் நினைவூட்டுகிறாளாம். தாயிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் நான்கு மாத்திரைகளின் பெயரையும், ஒவ்வொன்றும் எதற்கு என்பதையும், சென்னைக்குச் செல்ல வேண்டிய அடுத்த தேதியையும் மகள் எழுதிவைத்திருந்தாள். பேருந்துச் செலவுக்கு இப்போது பணம் மீதமாகிறதா என்று கேட்டேன். “தை மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டோம், டாக்டர்” என்றார் அந்தத் தாய்.